மலையகத்து அறைக்கு எந்த வெள்ளை?

ஹாட்வெயார் கடையில் கலர் காட்டை (நிற மாதிரி அட்டையை) விரித்தால் வெள்ளை என்ற பெயரிலேயே பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். பிரில்லியன்ட் வைட், ஓஃப் வைட், ஐவரி, மக்னோலியா, அதற்கு மேல் பூ, முத்து, பால் என்று கம்பனி வைத்த பெயர்கள். கடை ட்யூப் லைட்டின் கீழ் எல்லாம் அக்கா தங்கை போல ஒரே சாயலில் தெரியும். எதை அடித்தாலும் வெள்ளைதானே என்று டின்னைத் தூக்கிவந்து இரண்டு கோட் முடித்த பிறகுதான், சுவர் நீலம் பாரித்துக் கிடப்பதோ, பழுப்பேறிய வேட்டி போல இருப்பதோ கண்ணில் படும். அநேகமாக டின்னில் பிழை இருக்காது. அறைக்குள் வரும் வெளிச்சத்தைப் பார்க்காமல் வெள்ளையை எடுத்ததுதான் பிழை.

பெயரை நம்பி எடுக்க வேண்டாம். ஒரு கம்பனியின் ஐவரி இன்னொரு கம்பனியின் ஓஃப் வைட்டை விட வெளிறியிருக்கலாம். இந்தப் பெயர்களுக்குப் பொது அளவு எதுவும் கிடையாது. எல்லா நல்ல வெள்ளைக்கும் அடிப்படை டைட்டானியம் டையொக்சைட் என்ற வெண்பொடிதான். அதில் துளியளவு மஞ்சள், காவி, கறுப்பு, சிவப்பு சேர்வதால்தான் ஒவ்வொன்றும் வேறு வெள்ளையாகிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த காலத்தில் வாளியில் ஒரு சிட்டிகை நீலம் போட்டுக் கலக்குவார்கள், மஞ்சள் தெரியாமல் இருக்க. பிரில்லியன்ட் வைட் பெரும்பாலும் அதே தந்திரம்தான்: நீலப் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்த வெள்ளை.

ஒரு வெள்ளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தனியாகப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொரு வெள்ளை வேண்டும். மூன்று நான்கு கட்டங்களை வெட்டி, நடுவில் இடைவெளி விடாமல் ஒன்றின் விளிம்பில் ஒன்றை ஏற்றி வையுங்கள். உடனே ஒன்று ரோஸ் அடிக்கும், ஒன்று பச்சை அடிக்கும், ஒன்று வெறும் சாம்பலாகத் தெரியும். வெட்டிய கட்டத்தை ஏ4 தாளில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது ஏமாற்றும். அச்சுத் தாளில் வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்த்திருப்பதால் அதன் பக்கத்தில் எந்தப் பெயின்டும் மஞ்சளாகத்தான் தெரியும். கலர் காட்டில் ஒரே வரிசையில் மேலிருந்து கீழே அடர்த்தி கூடிக்கொண்டு போகும் வகை இருந்தால், அந்த வரிசையின் அடிக்கட்டத்தைப் பாருங்கள். மேலே வெள்ளையாக ஒளிந்திருக்கும் சாயல் கீழே பச்சையாகவோ மஞ்சளாகவோ வெளியே வந்து நிற்கும்.

ஜன்னல் எங்கே பார்க்கிறது

வடக்கு பார்த்த அறையில் குளிர்ந்த வெளிச்சம், தெற்கு பார்த்த அறையில் இதமான வெளிச்சம் என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் இருக்கும். அது ஐரோப்பாவுக்குச் சரி. நாம் இருப்பது இலங்கையில், ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில். ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி செப்டெம்பர் முதல் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மிச்ச மாதங்களில் தெற்கே. ஜூனில் அது உச்சியிலிருந்து 16 பாகை அளவே வடக்கே சாய்வதால் தகரக் கூரையின் விளிம்பே வெயிலை மறைத்துவிடும். டிசெம்பரில் 30 பாகை தெற்கே சாய்வதால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் தரைவரை விழும். ஆகவே வடக்கு, தெற்கை விட இங்கே கணக்கில் எடுக்க வேண்டியது கிழக்கும் மேற்கும்தான்.

அதிலும் மலையில் ஒரு வில்லங்கம் உண்டு. காலை ஏழரைக்குத் துல்லியமாகத் தெரிந்த எதிர்மலை, மூன்று மணிக்குப் பனிமூட்டத்தில் காணாமல் போகும். கிழக்கு ஜன்னலுக்கு மஞ்சள் வெயில் பெரும்பாலும் கிடைக்கும். மேற்கு ஜன்னலுக்கு வர வேண்டிய அந்தி வெயில் பாதி நாள் வந்து சேராது. அதற்குப் பதில் சாம்பல் வெளிச்சம் வரும். மூட்டம் போட்ட வானத்து வெளிச்சம் வெயிலை விட நீலம் கூடியது, திசையில்லாதது, நிழல் போடாதது. ஏற்கெனவே நீலப் பக்கம் சாய்ந்த பிரில்லியன்ட் வைட்டை அதில் அடித்தால் சுவர் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும். நுவரெலியா, கந்தப்பளை, தலவாக்கலைப் பக்கத்து வீடுகளில் "வெள்ளை அடித்த பிறகு குளிர் கூடிவிட்டது" என்று சொல்வதன் பொருள் இதுதான். வெப்பமானியில் எதுவும் மாறியிருக்காது.

அடுத்து ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேயிலை மலையைப் பார்த்த ஜன்னல் என்றால், வெயில் கொழுந்தின் மேல் பட்டுப் பச்சையாகத்தான் உள்ளே வரும். பச்சை சாய்ந்த வெள்ளையையோ எலுமிச்சை மஞ்சள் சாய்ந்த வெள்ளையையோ அங்கே அடித்தால் மனித முகமே சுகமில்லாதவர் முகம் போலத் தெரியும். அந்த அறைக்கு மிக இலேசாகச் சிவப்பு அல்லது காவி சாய்ந்த வெள்ளை எடுங்கள். சிவப்பு பச்சையை அடக்கும். மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்பக்க ஜன்னலுக்கு நாலடி தள்ளி மண்மேடு நிற்கும். அங்கே வெளிச்சம் குறைவு, வருவதும் செம்மண்ணில் பட்டோ பாசியில் பட்டோதான் வரும். மேட்டின் முகத்தை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு நிறம் முடிவு செய்யுங்கள்.

தரையையும் மறக்க வேண்டாம். சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மெழுகு பொலிஷ் போட்டுத் தேய்த்திருந்தால், சுவரின் கீழ் மூன்றடிக்கு ரோஸ் நிறம் ஏறும். வெள்ளைக் கடதாசி ஒன்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுவரோடு நிமிர்த்திப் பிடித்து, பிறகு தலைக்கு மேலே பிடித்துப் பாருங்கள். ஒரே கடதாசி இரண்டு நிறமாகத் தெரியும். இப்படிப்பட்ட தரைக்கு ரோஸ் சாய்ந்த வெள்ளை கூடாது. தேயிலையும் சிவப்புத் தரையும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பாதி அடித்துக்கொள்ளும். அங்கே எந்தப் பக்கமும் அதிகம் சாயாத, துளி சாம்பல் மட்டும் கலந்த வெள்ளைதான் பிழைக்கும்.

இரவு வெளிச்சம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல்ப் பெட்டியில் 6500 கே என்று இருந்தால் நீல வெளிச்சம், 3000 கே என்று இருந்தால் மஞ்சள் வெளிச்சம். பகலில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வெள்ளைகள் பல்ப் வெளிச்சத்தில் பிரிந்து நிற்பது சாதாரணம். பெயின்டை மாற்றுவதை விட பல்பை மாற்றுவது மலிவு என்பதால், அடித்த சுவர் இரவில் மட்டும் பிடிக்கவில்லை என்றால் முதலில் பல்பைக் கழற்றுங்கள்.

இருட்டு அறைக்கு வெள்ளை மருந்தாகுமா

ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், முன்னால் இஸ்தோப்பின் (முன் வராந்தாவின்) கூரை. பழைய லயக் காம்பராக்களில் இதுதான் நிலை. இருட்டைப் போக்கப் பளிச்சென்ற வெள்ளை வேண்டும் என்று பிரில்லியன்ட் வைட்டைத்தான் எல்லோரும் கேட்பார்கள். வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், உண்டாக்காது. ஒளி போதாத இடத்தில் பளிச் வெள்ளை வெறும் அழுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். கலர் காட்டின் பின்புறத்தில் சில கம்பனிகள் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு திரும்புகிறது என்பது அது. பளிச் வெள்ளைகள் 85க்கு மேல் நிற்கும், ஓஃப் வைட் வகைகள் பெரும்பாலும் 75 முதல் 85க்குள். ஐந்து புள்ளி வித்தியாசத்துக்காக நீலச் சுவரோடு வாழ வேண்டியதில்லை. கூரையில் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு ஒளி புகும் தகடு போட்டால் கிடைக்கும் வெளிச்சத்தை எந்த டின்னும் தராது. கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அதை வெட்டவோ, துளைக்கவோ, தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து.

அப்படிப்பட்ட அறைக்குச் சுவரில் மஞ்சள் துளி கலந்த வெளிர் ஓஃப் வைட், சீலிங்கில் பிரில்லியன்ட் வைட். சீலிங்குக்கு நேர் வெளிச்சம் விழாததால், சுவருக்கு அடித்த அதே வெள்ளையை அங்கே அடித்தாலும் ஒரு படி மங்கலாகத்தான் தெரியும்; பளிச் வெள்ளை அடித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

மாதிரி அடித்துப் பார்ப்பது

இரண்டு அல்லது மூன்று வெள்ளைக்கு மேல் தெரிவில் வைக்க வேண்டாம். ஐந்து வைத்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். பழைய சுவரில் நேரே பட்டை அடித்துப் பார்ப்பதும் வேண்டாம். சுவர் பழைய நீலமாக இருந்தால், எந்த வெள்ளையும் அதன் நடுவில் மஞ்சளாகத் தெரியும். பழைய ரோஸ் என்றால் பச்சையாகத் தெரியும். கண் அப்படித்தான் வேலை செய்கிறது.

ஒன்றரை அடிக்கு இரண்டு அடி அளவில் தடித்த அட்டையோ, பிளைவூட் துண்டோ எடுங்கள். ரோலரால் இரண்டு கோட், நடுவில் நன்றாகக் காயவிட்டு. பிரஷ் கோடும் ரோலர் புள்ளியும் வேறு வேறு நிழல் போடும் என்பதால், சுவருக்கு எதைப் பாவிக்கப் போகிறீர்களோ அதையே பாவியுங்கள். விளிம்பில் ஒரு விரற்கடை வெறுமையாக விடுங்கள். ஈரத்தில் எமல்ஷன் (தண்ணீர் வகைச் சுவர்ப் பெயின்ட்) ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம். ஹட்டன் குளிரில் ஒரு முழு நாள் விட்டுப் பார்ப்பதே நல்லது.

பலகையைத் தரையில் கிடத்திப் பார்க்காமல் சுவரில் சாய்க்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். ஜன்னல் இருக்கும் சுவரில் ஒரு முறை, எதிர்ச் சுவரில் ஒரு முறை. ஜன்னல் இருக்கும் சுவர்தான் அறையிலேயே இருண்டது, அதில் நன்றாகத் தெரியும் வெள்ளை மற்ற மூன்றிலும் நன்றாகத் தெரியும். காலை எட்டு மணி, மூட்டம் இறங்கிய நாலு மணி, இரவு பல்ப் வெளிச்சம், இந்த மூன்று வேளையும் பாருங்கள். வெயில் நாள் ஒன்று, மழை நாள் ஒன்று கிடைத்தால் இன்னும் உத்தமம். ஜூலையில் மஸ்கெலியாவில் வெயில் நாளுக்குக் காத்திருக்கச் சொல்வது அநியாயம்தான், அங்கே மழை நாளை வைத்தே முடிவெடுங்கள். அந்த அறை ஆண்டில் அதிக நாள் அப்படித்தான் இருக்கப் போகிறது.

இன்னொரு சோதனை. ஒரே வெள்ளை அடித்த இரண்டு அட்டைகளை அறையின் மூலையில் எல் வடிவில் சேர்த்து நிறுத்துங்கள். சேரும் இடத்தில் ஒன்றின் நிறம் மற்றதில் பட்டுப் பட்டு அடர்த்தி கூடும். தனி அட்டையில் வெறும் வெள்ளையாக இருந்தது அந்த இடுக்கில் பீர்க்கம்பூ மஞ்சளாகத் தெரிந்தால், நான்கு சுவரும் அடித்த பிறகு அறை முழுதும் அந்த மஞ்சள் வரும். சந்தேகமாக இருக்கும்போது எப்போதும் ஒரு படி வெளிறிய வெள்ளையையே எடுங்கள்.

கதவு, அலமாரி மரத்தின் பக்கத்திலும் பலகையை வைத்துப் பார்க்க வேண்டும். சப்பு மரக் கதவின் பழுப்புக்கு நீல வெள்ளை ஒட்டாது, வெட்டிக்கொண்டு நிற்கும்.

வெள்ளையைக் கெடுப்பவை

நிறம் சரியாக எடுத்தும் ஆறு மாதத்தில் சுவர் மஞ்சளித்துப் போனால், குற்றம் பெரும்பாலும் அடியில் இருக்கிறது. பழைய சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் நிற்காது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெண்தூள் ஒட்டினால் தகட்டால் சுரண்டி, கழுவி, காயவிட்டு, வோல் பில்லர் (பெயின்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு) ஒரு கோட் அடித்த பிறகே பெயின்ட். அந்தத் தூளின் மேல் அடித்த பெயின்ட் பப்படம் போல மேலெழும்பி உதிரும்.

கறுப்புப் புள்ளி இருந்தால் அது அழுக்கா பூஞ்சணமா என்று பார்க்க ஒரு துளி ப்ளீச் வைத்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளிறினால் பூஞ்சணம். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, கழுவிக் காயவையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். டொய்லெட் கழுவும் அசிட்டையோ அமோனியா உள்ள எதையுமோ ப்ளீச்சோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். பூஞ்சணத்தின் மேல் நேரே வெள்ளை அடிப்பது பாயைப் போட்டுக் குப்பையை மறைப்பதுதான். அடுத்த மழையில் அதே இடத்தில் புள்ளி வரும்.

விறகடுப்புப் புகை பிடித்த சுவரும், சாமி விளக்குக்கு மேலே கரி படிந்த இடமும் வேறு கதை. எண்ணெய்க் கரியும் புகைப் பிசினும் தண்ணீர்ப் பெயின்டில் கரைந்து மேலே ஊறிவரும், மூன்று கோட் அடித்தாலும் தேநீர்க் கறை போல எட்டிப் பார்க்கும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, கறையை அடைக்கும் எண்ணெய் வகைப் பிரைமர் ஒரு கோட் அடித்துவிட்டு மேலே வெள்ளை அடியுங்கள். அடுப்படிக்குப் பளிச் வெள்ளை ஆசைப்படாமல், கழுவக்கூடிய இலேசான பளபளப்பு வகையில் காவி துளி சாய்ந்த வெள்ளை எடுத்தால் புகை அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. மற்ற அறைகளுக்கு மட் வகையே நல்லது. பழைய கருங்கல் சுவரின் மேடு பள்ளத்தைப் பளபளப்பு வகை ஒன்றுவிடாமல் எடுத்துக் காட்டும்.

புதிய சீமெந்துப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள். மழைப்பக்கத்தில் ஆறு முதல் எட்டு வாரம் விடுங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாரில்லை. ஈரத்தோடு அடித்தால் உப்புப் பூத்து வெள்ளை மேல் வெள்ளையாக மாவு படியும்.

அடிக்கும் காலம் தேயிலைக்கே தெரியும். டிம்புள்ளைப் பக்கத்தில் பருவத் தேயிலை எடுக்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாவுக்குக் காய்ந்த காற்று. ஊவாவில் பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைக்கு அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. நம் ஆட்கள் தீபாவளிக்கு முந்திய வாரம்தான் பிரஷைத் தேடுவார்கள். ஒக்டோபர், நவம்பர் நாடு முழுதும் பின்னேர மழை. தவிர்க்க முடியாவிட்டால் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு ரோலரைக் கழுவிவிடுங்கள். பெரும்பாலான எமல்ஷன்கள் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒழுங்காகப் படலமாகாது, நுவரெலியா இரவுகள் அதற்கும் கீழே போகும். டின்னில் இரண்டு மணி நேரத்தில் அடுத்த கோட் என்று எழுதியிருந்தாலும் இங்கே மறுநாள்தான். அடித்த சுவரில் அன்றிரவே பனி வியர்த்தால், காலையில் தேன் போலப் பிசுபிசுத்த பழுப்புக் கோடுகள் வழிந்திருக்கும். பயப்பட வேண்டாம், பெயின்டிலுள்ள சவர்க்காரப் பொருள் ஊறி வந்தது அது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வெறும் தண்ணீரால் துடைத்தால் போகும். கரிச் சட்டி வைத்துச் சுவரைக் காயவைக்கிறோம் என்று அறையை மூடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். புகையால் வெள்ளை போவது ஒருபுறம், உயிரே போகும்.

எவ்வளவு வாங்குவது

10க்கு 12 அடி அறை, 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 396 சதுர அடி. ஒரு கதவுக்கு 20, ஒரு ஜன்னலுக்கு 16 கழித்தால் 360 சதுர அடி, அதாவது 33½ சதுர மீற்றர். நயமான சுவரில் ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீற்றர் போகும். ஆகவே இரண்டு கோட்டுக்கு 6 முதல் 7 லீற்றர். சொரசொரப்பான சுவரில் லீற்றருக்கு 8 சதுர மீற்றர்தான், எட்டரை லீற்றர் பிடிக்கும். பழைய கடும் நீலத்தையோ பச்சையையோ மறைக்க வேண்டும் என்றால் மூன்றாவது கோட்டை விட ஒரு கோட் வெள்ளை பில்லர் மலிவு. துளி கறுப்பு கலந்த ஓஃப் வைட், தூய வெள்ளையை விட நன்றாக மூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மெஷினில் கலக்கும் நிறம் என்றால் மாதிரிக்கு எடுத்த ஒரு லீற்றரும் பிறகு எடுக்கும் 10 லீற்றரும் அச்சொட்டாக ஒத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். ஓஃப் வைட்டில் ஒரு லீற்றருக்கு விழும் சாயம் சில துளிதான். அரைத் துளி பிசகினாலும் நிறம் மாறும். முழு அறைக்கும் தேவையானதை ஒரே நாளில், ஒரே பெட்ச் நம்பரில் எடுத்து, எல்லா டின்னையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடியுங்கள். பாதிச் சுவரில் பெயின்ட் முடிந்து அவசரமாக வாங்கிவந்த டின் எங்கே தொடங்கியது என்று பிறகு யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

கதவு நிலைக்கு எண்ணெய் எனமல் வெள்ளை அடித்தால், அலமாரிக்குப் பின்னால், கதவிடுக்கில், வெளிச்சம் படாத இடமெல்லாம் சில மாதத்தில் மஞ்சளாகும். அது அதன் சுபாவம். சுவரின் வெள்ளையோடு அதைப் பொருத்தப் பார்ப்பது வீண். தண்ணீர் வகை எனமல் எடுங்கள், இல்லையென்றால் நிலையை வேறு நிறமாகவே அடித்துவிடுங்கள்.

மிஞ்சியதை ஜாம் போத்தலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி, மேலே நிறத்தின் குறியீடு, பெட்ச் நம்பர், அறை, திகதி எழுதி வையுங்கள். பிறகு ஆணி பிடுங்கிய ஓட்டையை மறைக்க வேண்டி வரும். அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் வெள்ளையில் அது ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியும். மூலைக்கு மூலை அந்த ஒரு சுவரை முழுதாக அடித்தால் தெரியாது.